வேண்டுதலில் வராத வெட்டுக்கிளி

சிங்கப்பூரில் முருகனிடம் வேண்டிக்கொண்டவர்கள் ஏராளம். வேண்டிக்கொண்ட பிறகு அதில் எது அடங்கும், எது அடங்காது என்று ஆராய்ச்சி செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கின் ‘புரோட்டீன் அங்கிள்’.

ஓய்வு பெறும்வரை சாங்கி விமான நிலையத்தில் கார்கோ தூக்கியவர். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் ஆன்ட்டி, பக்கவாதத்தில் விழுந்தார். அவர் பிழைத்து வீடு திரும்பினால் ஆடு, கோழி, மீன், முட்டை எதையும் தொடமாட்டேன் என்று டேங்க் ரோடு முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டார் அங்கிள். ஆன்ட்டி சக்கர நாற்காலியில் வீடு வந்தார். அவரைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் தூக்கி மாற்றுவது அங்கிளின் வேலை. பார்த்தால் அங்கிளுக்கே தொடை மெலிந்து கால் நடுங்க ஆரம்பித்தது. வயதானால் தசை கரையும், பயிற்சியும் புரதமும் வேண்டும் என்றார் தெரபிஸ்ட். தூக்க முடியாமல் போனால் ஆன்ட்டியை முதியோர் இல்லத்தில்தான் விடவேண்டும்.

அங்கிள் விடுவாரா? டோஃபு பொரியல், டெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டி போட்ட சாம்பார், சோயா உருண்டைக் குழம்பு என்று இறங்கிவிட்டார். தேக்கா சந்தையில் எந்தப் பருப்பில் புரதம் அதிகம் என்று கடைக்காரரைக் குடைந்து, பின்னால் நிற்பவர்களின் சாபத்தை வாங்கிக்கொள்வார். லிஃப்டில் அவரிடம் மாட்டினால் நமக்கும் வகுப்பு நடக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் முறுக்குக் கொடுத்தார். தின்று முடித்த பிறகுதான், மாவில் வெட்டுக்கிளிப் பொடி கலந்திருக்கிறது என்றார். தொண்டைக்குள் ஏதோ தாவுவது போலிருந்தது எனக்கு. வேண்டுதல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வேண்டுனப்ப ஆடு, கோழி, மீன், முட்டைன்னுதான் சொன்னேன். பூச்சியைப் பத்திப் பேச்சே வரல லா.”

ஆன்ட்டி நாற்காலியைத் திருப்பினார்.

“முருகன்கிட்ட வக்கீல் வேலை பாக்காதீங்க. அந்தப் பலத்துல என்னைத் தூக்க வேணாம்.”

அங்கிளின் முகம் தொங்கிப்போனது. முறுக்கு டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, டெம்பே வாங்கக் கிளம்பினார்.

சில மாதம் கழித்து, அவர் ஆன்ட்டியைத் தூக்குவதைப் பார்த்தேன். முழங்காலை மடக்கி, அணைத்துப் பிடித்து, நிதானமாக நிமிர்ந்தார். கால் நடுங்கவில்லை.

“கனக்கிறேனா?” என்றார் ஆன்ட்டி.

“கார்கோவை விடக் கம்மிதான். ஆனா பத்திரமா வைக்கணும்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டெம்பே சாம்பார் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனாலும் அங்கிள் கிண்ணத்தோடு வந்து நின்றால் வாங்கிக்கொள்கிறேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.