மைக்கில் வாசிக்கப்பட்ட என் மனச்சோர்வு

அன்புத் தங்கை அமலோற்பவமேரிக்கு, வரதராஜன்பேட்டையிலிருந்து அண்ணன் ஞானப்பிரகாசம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அண்ணி நலம், ஆடு இரண்டும் நலம். நான் நலமா என்பதை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாம் உன் புண்ணியம்.

நான் உன்னிடம் போனில் என்ன சொன்னேன்? ஒன்றரை வருடமாக மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டாயிற்று, ஒன்று பகலெல்லாம் தூங்க வைத்தது, இன்னொன்று இருந்த தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது, மூன்றாவதில் இடுப்பு பெருத்ததுதான் மிச்சம், காலையில் எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கிறது என்றேன். திருச்சி டாக்டர் நர்மதா, "மாத்திரை மட்டும் பத்தலைங்க சார், வேற வழியும் பாப்போம். செவ்வாய்க்கிழமை ஆனா எட்டுப் பேர் வட்டமா உக்காந்து மனசு விட்டுப் பேசுவாங்க, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டதையும், முடியாது என்று நான் எழுந்து வந்ததையும் சொன்னேன். ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஆலை கேட்டில் முப்பத்துநான்கு வருடம் லாரி நம்பர் எழுதியவன், தேவையில்லாமல் ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து அழுவேனா என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். நீயும், "சொல்ல மாட்டேண்ணே, மாதா மேல ஆணை" என்றாய்.

மனிதர் யாரிடமும் நீ சொல்லவில்லை, ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னாய். அதை மைக்கிலா சொல்ல வேண்டும்? போன ஞாயிறு இங்கே வந்தவள், பூசைக்கு முன்னால் உபதேசியாரிடம் மன்றாட்டுச் சீட்டை நீட்டியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். "மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் மனச்சோர்வு நீங்காமல் வாடும் சகோதரர் ஞானப்பிரகாசத்துக்காக" என்று அவர் நிறுத்தி நிதானமாக வாசிக்க, கோயில் மொத்தமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பழக்க தோஷத்தில் நானும் சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன். வெளியே ஒலிபெருக்கி வேறு இருக்கிறது, அதனால் பூசைக்கு வராதவர்களுக்கும் விட்டுப்போகவில்லை. வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசிவிட்டது மேரி.

அன்று மத்தியானமே பால் சொசைட்டி ராஜதுரை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "உங்களுக்கு மூணுதானா சார்? எனக்கு அஞ்சு தடவை மாத்திட்டாங்க. வூட்டுல சுகர் மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் கிளம்புவதற்குள் ரீனா டீச்சர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, ஸ்கூல் பெல் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றார். மகனைப் பறிகொடுத்த முந்திரி வியாபாரி சின்னதுரை ஒரு மணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கும் வரலாமாங்க?" என்று மட்டும் கேட்டார். தினமும் வருகிறார்கள். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி, ஹாலில் சுவரோரமாகச் சுற்றிப் போட்டிருக்கிறேன். டீ போட்டே உன் அண்ணிக்குக் கை ஓய்ந்துவிட்டது. இதில் நோயாளி யார்? நான் எப்படி இருக்கிறேன் என்று இதுவரை ஒருவர் கேட்கவில்லை. நேற்று சின்னதுரை முதல்முறையாக மகன் பெயரைச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் நானும் தேம்பி அழுதேன். அதற்கும் நீதான் பொறுப்பு.

இனி உன்னிடம் எதையும் சொல்வதாக இல்லை. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். மாப்பிள்ளை செபஸ்டினுக்கு என் மரியாதை. பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன்னை நம்பிய அண்ணன்,
ஞானப்பிரகாசம்

பின்குறிப்பு: வரும் செவ்வாய்க்கிழமை திருச்சிக்குப் போகிறேன். டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன், மாத்திரையை நிறுத்தாமல் வரச் சொன்னார், கூட வருகிறவர்களையும் பார்க்கிறேன் என்றார். ராஜதுரை வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வேன் பேசியிருக்கிறார். அதில் இன்னும் இரண்டு இடம் காலி. உபதேசியாரிடம் சொல்லி இந்த ஞாயிறும் என் பெயரை வாசிக்கச் சொல். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டும்.