வானவில்லுக்கு எதிர் நிறம்

வானவில் ஒரு சபதம் எடுத்தார். வாய் நிறையப் பற்பசை நுரையோடு எடுத்த சபதம் என்பதால் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி முழங்கினார்.

"இனிமே இந்த வீட்ல என் கம்ப்யூட்டருக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டு யாரும் கலர் சொல்லக் கூடாது!"

"வீட்ல நான் ஒருத்திதாங்க இருக்கேன்," என்றாள் மனைவி.

"அப்ப உனக்குத்தான் சொல்றேன்."

இணையதளம் வடிவமைப்பது அவருடைய தொழில். தொழில் போக மீதி நேரமெல்லாம் அடுத்தவர் தேர்ந்தெடுத்த நிறத்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார். எதிர்வீட்டுக் கதவுக்குக் காமாலை என்பார். பக்கத்து வீட்டு வக்கீலின் சட்டையைப் பார்த்து, "இதைப் போடறதுக்கு வெறும் உடம்போடயே கோர்ட்டுக்குப் போகலாம்" என்பார். பொறுக்க முடியாமல் தெரு அவருக்கு வைத்த பெயர்தான் வானவில். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்தார்.

மனைவிக்கு டெலிபோன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. முன்பின் தெரியாதவர்கள் பகலெல்லாம் கத்துவதைக் காது குளிரக் கேட்டு, "சரிங்க சார், புரியுதுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி, கத்தியவரே நன்றி சொல்லிப் போனை வைக்கும்படி செய்கிற உத்தியோகம். அங்கே ஊர் முழுக்கக் கத்துகிறது. வீட்டில் ஒரே ஒருவர்தானே என்று அவள் அலட்டிக்கொள்வதில்லை.

இப்போதைய தலைவலி அவளுடைய அண்ணியால் வந்தது. அண்ணி பல் டாக்டர். புது ஆஸ்பத்திரி திறக்கிறார். அதற்கு இணையதளம் வேண்டும். எழுத்து தயார், படம் தயார், நிறம் மட்டும் அமையவில்லை. வானவில்லுக்கு எந்த நிறத்தைத் தொட்டாலும் அதில் ஒரு வியாதி தெரிந்தது. மஞ்சள், தேய்க்காத பல். கறுப்பு, சொத்தை. வெள்ளை, பொய்ப்பல். ரோஸ் நிறத்தைப் போட்டுப் பார்த்தார். திரை முழுக்க ஈறு வீங்கினதுபோல் இருந்தது. உடனே அழித்தார்.

அண்ணியிடமிருந்து போன் வந்தது. மனைவி பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமை திறப்பு விழாவாம். அதுக்குள்ள சைட் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறாங்களாம்."

வானவில்லுக்குப் பயம் வந்தது. ஏற்கெனவே ஒரு பூக்கடைக்காரரும் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரும் இதே நிறச் சண்டையில் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மைத்துனன் மனைவியும் போய்விட்டால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் பயம் மனசோடு நின்றது. வாய்க்கு ஏறவில்லை.

"கலரைப் பத்தி ஏதாவது உளறினாங்களா?"

"சொன்னா நீங்க கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன்."

"அதையேதான் நானும் சொன்னேன்."

மாலையில் காபியோடு வந்தவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சபதம் ஞாபகம் இருக்கா?" என்றார் வானவில்.

"பின்னாலதானே நிக்கக் கூடாது? பக்கத்துல நிக்கறேன். ஏங்க, நல்ல ஆரஞ்சுச் சிவப்பா, பக்கம் முழுக்கப் பூசிடுங்களேன்."

வானவில் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் காபி கொட்டியது.

"பல் டாக்டர் சைட்ல சிவப்பா? ரத்தம்னு நினைச்சு ஓடிடுவான்!"

"எடுப்பா இருக்குமேன்னு..."

"பல்லு எடுப்பா இருந்தா டாக்டர்கிட்ட வருவான். டாக்டரோட சைட்டே எடுப்பா இருந்தா அவன் எங்கம்மா போவான்? உன் கண்ணை எந்தக் கடையில வாங்கினாங்க?"

வானவில் திரையில் நிறச் சக்கரத்தைத் திறந்து, பேனாவால் தட்டினார்.

"இங்க பாரு. நீ சொன்ன ஆரஞ்சுச் சிவப்பு இங்க இருக்கு. இதுக்கு நேர் எதிர்ல என்ன?"

"தெரியலீங்களே."

"மயில்கழுத்து! நீலமும் பச்சையும் குழைஞ்ச நிறம். பாத்ததுமே பாதி வலி போயிடும்."

"ரொம்பச் சில்லுனு இருக்காதுங்களா? பல்லு கூசுமே."

"கூசட்டும்! கூசினாத்தானே டாக்டர்கிட்ட வருவான்!"

அவர் கை வேகமெடுத்தது. பல நாளாக வெறும் எலும்புக்கூடாகக் கிடந்த பக்கத்தில் மயில்கழுத்து பரவியது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"அப்ப அந்த முன்பதிவு பட்டனும் அதே நிறத்துல இருக்கட்டும். ஒத்துமையா இருக்கும்," என்றாள்.

"அடக் கடவுளே! ஒத்துமையா இருந்தா பட்டன் எவன் கண்ணுக்குத் தெரியும்? எதிரும் புதிருமா இருக்கற நிறம்தான் ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டும். பட்டன் ஆரஞ்சுச் சிவப்பு!"

"அதைத்தானே நான் முதல்ல சொன்னேன்?"

"நீ வாளியில ஊத்தச் சொன்னே. நான் பொட்டு மாதிரி வைக்கறேன். இதுக்குப் பேருதான் கலை."

"ரெண்டையும் சரிபாதியா போட்டா?"

"அடிச்சுக்கும். ஒண்ணு பரந்து விரிஞ்சு ஆட்சி பண்ணணும். இன்னொண்ணு ஒரு மூலையில அடக்கமா இருக்கணும்."

"புரியுதுங்க. நம்ம வீடு மாதிரி."

"அதேதான்!" என்றார் வானவில்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கூட்டம். பல் டாக்டர் பெரிய திரையில் இணையதளத்தைத் திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வானவில் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"இதுக்கு முழுக்கச் சிவப்பு பூசச் சொன்னவங்களும் இருக்காங்க. பேர் சொல்ல விரும்பலை." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

"ரொம்ப நன்றிண்ணா," என்றார் பல் டாக்டர். "நீங்க யார் பேச்சையும் கேக்க மாட்டீங்கன்னு எனக்கு ஒரே பயம். ஆனா நான் போன்ல சொல்லி அனுப்பின நிறத்தை இம்மி பிசகாம போட்டிருக்கீங்க. சுவத்துக்கு அடிச்ச அதே மயில்கழுத்து. நாற்காலிக்கு எடுத்த அதே ஆரஞ்சுச் சிவப்பு."

அப்போதுதான் வானவில் சுவரைப் பார்த்தார். மயில்கழுத்து. தான் பிடித்திருந்த நாற்காலியைப் பார்த்தார். கையைச் சட்டென்று எடுத்தார். வந்ததிலிருந்து தன் படைப்பைத் தவிர வேறெதையும் பார்க்காத கண் அது. அவர் முகத்தில் அப்போது ஏறிய நிறம் எந்தச் சக்கரத்திலும் கிடையாது.

"நீ சிவப்புன்னுதானே சொன்னே?" பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் கேட்டார்.

"மயில்கழுத்துன்னு சொல்லியிருந்தா நீங்க சிவப்பு போட்டிருப்பீங்க. அண்ணி வேற ஆளைப் பாத்திருப்பாங்க."

"அப்ப நான் என்ன, நீ தட்டற பட்டனா?"

"கோவிச்சுக்காதீங்க. இனிமே என் பேச்சை நீங்க கேக்கவே வேணாம்."

"அதை நீ யாரு சொல்றதுக்கு?" கூட்டம் திரும்பிப் பார்க்கும்படி வானவில் கத்தினார். "கேப்பேன்! இன்னையிலேர்ந்து நீ என்ன சொன்னாலும் மறுபேச்சு பேசாம கேப்பேன்!"

"சரிங்க," என்றாள் மனைவி. "முதல்ல போய் அந்தப் பக்கத்து வீட்டு வக்கீல் சட்டை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வாங்க."