பேட்டரி வேண்டாம் என்று சொன்னது நான்தான்

வீட்டுக்குள் நடப்பதெல்லாம் என் மனைவியின் ஆட்சி. அதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் இருந்தாலும் அதைச் சொல்ல அவள் நேரம் ஒதுக்கித் தரமாட்டாள். அதனால் யோசித்து யோசித்து, வீட்டுக்குள் இல்லாத ஓர் இடத்தில் என் ஆட்சியைத் தொடங்குவது என்று தீர்மானித்தேன். மொட்டை மாடியில்.

சோலார்!

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்தால் ஃபேன் அனலைத்தான் கொட்டுகிறது. ஏசி இருக்கிறது. பகலில் அதன் ரிமோட்டைத் தொட்டால் போதும், "கரண்ட் பில்லை உங்க தாத்தா வந்து கட்டுவாரா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். சோலார் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. வெயில் ஏற ஏற ஏசி ஓடும். என்னை வேகவைக்கிற சூரியனையே எனக்கு விசிறி போட வைக்கிற திட்டம். இந்த விசிறிப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டு, பூமி, காற்று, வருங்காலச் சந்ததி என்று அவளிடம் ஆரம்பித்தேன்.

"சரி," என்றாள்.

சந்ததி முடிந்து நான் கடல் மட்டத்துக்கு வருவதற்குள்ளேயே சரி! முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையில் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் ஆகவில்லை.

அவளுக்கும் அப்போது ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு கடை காலியாகியிருந்தது. அங்கே தையல் கடை வைக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அருமையாகத் தைப்பாள், பொய் சொல்லக் கூடாது. கடையின் சொந்தக்காரர் மாதக் கடைசிவரை கெடு கொடுத்திருந்தார்.

"கடை வெச்சா காலையில ஒம்போது மணிக்குப் போயிடுவேன். அஞ்சு மணிக்குத்தான் வருவேன்," என்றாள்.

"அப்போ வீட்டு வேலையை யாரு பாக்கறது?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றாள், என்னையே பார்த்துக்கொண்டு. எனக்குப் பின்னால் இருக்கிற காலண்டரைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என் வேலையைப் பார்த்தேன். சோலார் காண்ட்ராக்டரைப் பிடித்தேன். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு 'ஏணி' என்று பெயர். ஆளும் உயரம், வேனின் தலையிலும் எப்போதும் ஓர் ஏணி கட்டியிருக்கும். வாசலில் என்னைப் பார்த்து, "வணக்கம் சார்," என்றார். உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, சௌக்கியமா?" என்றார். நான் சாராம், அவள் அக்காவாம். காண்ட்ராக்டர் என்றால் வாயில் கொஞ்சம் சர்க்கரை இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மாடியை அளந்துவிட்டு என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

"சார், இந்தத் தண்ணித்தொட்டி நிழல் பேனல் மேல விழக் கூடாது. அது மணிக்கு மணி எங்கெங்க போகுதுன்னு ஒரு நாள் பூரா இருந்து கோடு போட்டு வெச்சிடுங்க."

"நானா?"

"உங்க மாடி சார்."

என் ஆட்சி! காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை நிழலின் பின்னாலேயே தவழ்ந்து கோடு போட்டேன். நிழலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் நிழலில் உட்காராத ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். கீழே இறங்கி வந்தபோது முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன.

மறுநாள் ஏணி வந்து கோடுகளைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"இதுல ரெண்டு விதம் இருக்கு சார். பேட்டரி வெச்சா, பகல்ல வர்ற கரண்டைச் சேத்து வெச்சு ராத்திரி எடுத்துக்கலாம். பேட்டரி இல்லேன்னா, பகல்ல வர்றதை பகல்லயே செலவழிச்சிடணும். மிச்சத்தை லைனுக்குத் திருப்பி அனுப்பற வசதி நம்ம தெருவுக்கு இன்னும் வரலை."

'நீங்க என்ன சொல்றீங்க?' என்று அவரிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் டீயோடு என் மனைவி வந்தாள்.

"பேட்டரி கண்டிப்பா வெச்சிடணுங்க," என்றாள்.

கண்டிப்பா! என் மாடியில் வந்து கண்டிப்பா!

"பேட்டரி எதுக்கு?"

"ராத்திரிக்கு வேணும்ல?"

"ராத்திரி சூரியன் இருக்கா?"

"இல்ல. அதனாலதான் பேட்டரி."

"சூரியனே வேலையை முடிச்சிட்டுப் போனப்புறம் நமக்கென்ன ஓவர்டைம்?"

"பக்கத்து வீட்டுல கூட பேட்டரி வெச்சிருக்காங்க."

"அதனாலதான் வேணாம்கறேன்."

"அக்கா சொல்றதும் நியாயந்தான் சார்..." என்று ஏணி இழுத்தார்.

"நியாயமெல்லாம் கீழ வெச்சுக்கங்க. இது மாடி. பேட்டரி வேணாம்னா வேணாம்!"

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"அப்போ பகல்ல வர்ற கரண்டெல்லாம் வீணாப் போயிடுமேங்க," என்றாள்.

"ஒரு சொட்டு வீணாகாது! பகல் பூரா நான் வீட்டுலதானே இருக்கேன்? அத்தனையையும் பகல்லயே செலவழிச்சுக் காட்டறேன். அது என் பொறுப்பு."

"உங்க பொறுப்பா?"

"என் பொறுப்பு!"

"தம்பி, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேங்க்கா," என்று ஏணி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பேட்டரி வேண்டாம் என்று எழுத ஒரு வரி போதுமே, இவர் ஏன் நாலு வரி எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நுணலுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் வேலை. மாடியில் எட்டுப் பலகைகள் நீலமாக வரிசைகட்டி நின்றன. ஏணி சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. நான் கைதட்டினேன். என் மனைவியும் தட்டினாள், என்னைவிடப் பலமாக. முன்னறையில் தலையணையைப் போட்டுவிட்டு ஏசி ரிமோட்டைத் தேடினேன். ஏணி அதற்குப் பதிலாக, பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை என் கையில் கொடுத்தார்.

"என்னய்யா இது?"

"எந்த நேரத்துல எதை ஓட்டணும்னு சார். பத்து மணிக்கு வாஷிங் மெஷின். அது நின்னதும் தண்ணி மோட்டார். பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் இஸ்திரிப் பெட்டி. அப்புறம் வேக்குவம் கிளீனர்."

"ஏசி?"

"அது மூணு மணிக்கு மேல சார். இதுங்களோட சேத்துப் போட்டா இழுக்காது."

"மூணு மணிக்கு மேல வெயில் சாய்ஞ்சிடுமே?"

"ஆமா சார். அப்போ ஏசியே தேவைப்படாது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சரி, இதையெல்லாம் பகல்ல யாரு ஓட்டறது?"

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு புதுச் சாவிக்கொத்து.

"கடைச் சொந்தக்காரர்கிட்ட சரின்னு சொல்லிட்டேங்க. நாளைக்குத் திறக்கறேன்."

"அப்போ வீட்டு வேலை?"

"இவ்வளவு நாளா அதுதான் கவலையா இருந்தது. நீங்களே பொறுப்பெடுத்துக்கிட்டீங்க. மனசே லேசாயிடுச்சு."

"நான் கரண்டுக்குத்தானே பொறுப்பெடுத்தேன்! துணியை எப்பவும் போல விடியக்காலையில லைன் கரண்டுல நீயே துவைச்சுக்கலாம்ல?"

"பகல்ல வர்ற கரண்ட் வீணாப் போகாதா?" என்றாள். "தம்பி, சார் என்ன சொன்னாரு?"

ஏணி நோட்டைப் பிரித்தார். "'ஒரு சொட்டு வீணாகாது. அத்தனையையும் பகல்லயே செலவழிச்சுக் காட்டறேன்.' தேதி போட்டிருக்கேங்க்கா."

மறுநாளிலிருந்து நான் அட்டைப்படி வாழ ஆரம்பித்தேன். வெள்ளைத் துணியோடு சிவப்புத் துண்டைப் போடக் கூடாது என்பதை, என் பனியன்கள் எல்லாம் ரோஜா நிறமான பிறகு கற்றுக்கொண்டேன். சட்டையில் முதலில் காலரைத்தான் தேய்க்க வேண்டும். தலையணை உறைக்குக் காலர் கிடையாது என்பதால் அது எனக்குப் பிடித்த துணியாகிவிட்டது. மத்தியானத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஆனால் இடுப்புச் சதையும் கூடவே போயிருந்தது.

ஒரு நாள் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன கத்தரிக்கோலைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவள் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

"கடை நல்லா இருக்கும்மா. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு," என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். கண் கலங்கியது போலத்தான் இருந்தது.

"துணியைக் காயப்போட்டாச்சா?" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஏணி பேனல்களைச் சோதிக்க வந்தார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டே அவரிடம் புலம்பினேன்.

"அன்னிக்கு நான் வாயை மூடிட்டு அவ சொன்னபடி பேட்டரியே வெச்சிருக்கலாம்யா."

ஏணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், அக்கா கேட்டதே பேட்டரி இல்லாததுதான். நீங்க என்னைக் கூப்பிடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்து எல்லா விவரமும் கேட்டுக்கிட்டாங்க. அந்த அட்டைகூட அவங்க எழுதிக் கொடுத்ததுதான்."

"அப்புறம் ஏன்யா கண்டிப்பா வேணும்னு சொன்னா?"

"நானும் அதையேதான் கேட்டேன் சார். 'நான் வேணும்னாத்தான் அவர் வேணாம்பாரு'ன்னாங்க."

இஸ்திரிப் பெட்டியை அப்படியே துணி மேல் வைத்துவிட்டேன். தலையணை உறையில் முக்கோணமாக ஒரு பழுப்புத் தழும்பு விழுந்திருந்தது.

ஆனால் இயற்கை என்று ஒன்று இருக்கிறதே! மறுநாள் காலை கண் விழித்தால் வானம் இருண்டு கிடந்தது. அவள் கடைக்குப் போன கையோடு மழை கொட்டத் தொடங்கியது. பச்சை விளக்கு அணைந்தே போய்விட்டது. வெயில் இல்லை, சோலார் கரண்ட் இல்லை, லைன் கரண்டைத் தொட்டால் பில் ஏறும். ஆக, வேலை இல்லை! அவள் எழுதிய அட்டையை வைத்தே அவளை மடக்கிவிட்டேன். முன்னறையில் தலையணையைப் போட்டு, போர்வையை உதறி விரித்து, படுத்துக்கொண்டே கடைக்கு போன் செய்தேன்.

"ஏம்மா, இன்னிக்கு வெயிலே இல்ல. அட்டையில இருக்கிற ஒண்ணும் ஓடாது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"அடடா, ஆமாங்க. மழையில ஒண்ணும் ஓடாதுதான்," என்றாள். குரலில் அப்படி ஒரு கனிவு. "குடையை எடுத்துக்கிட்டு இங்க வந்துடுங்க. நாப்பது சட்டைக்குப் பட்டன் தைக்கணும், அதுக்குக் கரண்ட் வேணாம்."