ஜுரம் பாயும் எண்ணெய் தேய்த்துக் குளித்த வேனும்

வண்டியைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டிக்காரரைக் கழற்றுகிற மெக்கானிக் சென்னையில் ஒருவர்தான். அவர் எங்கள் ஜுரம் பாய். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு வண்டி நின்றால் மூன்றாவது தெருவில் நிற்க வேண்டிய அளவில் அவருடைய ஷெட். வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது தெரிந்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைப்பது போல, வந்து நிற்கும் எந்த வண்டியையும் தொட்டுப் பார்ப்பார். "ஜொரம் கீது" அல்லது "ஜொரம் இல்ல" என்று அறிவிப்பார். அதிலிருந்து வந்த பெயர் இது.

அறிவிப்புக்குப் பிறகு விசாரணை. வங்கியில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கடைசியா எப்ப சார் இத்த வெளிய இட்டுகினு போனே?"

"எங்க போறது? மெட்ரோக்காரா தெருவெல்லாம் தோண்டிண்டிருக்கா. ரெண்டு மாசமா ஆத்து வாசல்லயேதான் நிக்கறது."

"ஒன்னிய ரெண்டு மாசம் ரூம்ல போட்டுப் பூட்டுனா நீ ஸ்டார்ட் ஆவியா?"

பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் காரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மருந்தும் சொன்னார். பெரியவர் தவறாமல் போகிறார். காரைவிட அவருக்குத்தான் சர்க்கரை குறைந்திருப்பதாகக் கேள்வி. இன்னொரு முறை, ஹாரன் கம்முகிறது என்று வந்த ஆட்டோவிலிருந்து ஹாரனையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். "கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிச்சு. மூணு நாள் மௌன விரதம்." ஆட்டோக்காரர் மூன்று நாளும் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

இனி வேன். மயிலாப்பூரிலிருந்து எங்கள் எட்டுப் பேரை நந்தனத்தில் இருக்கும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விடுவது ஏழுமலையின் வேன். தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் அதில் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. கெட்ட வாசனை என்று சொல்ல முடியாது. வடை சுடும் வாசனை. லஸ் தாண்டியதும் எட்டுப் பேருக்கும் பசிக்கும். வழியில் ஏதோ டீக்கடை என்றுதான் நினைத்தோம். அந்த டீக்கடை நந்தனம் வரைக்கும் கூடவே வருவதைக் கலா மேடம்தான் முதலில் கவனித்தார்.

கலா மேடம் எங்கள் தபால் பிரிவின் தலைவி, வேனுக்கும் தலைவி. ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணா சாலையில் ஏழுமலை பிரேக் போட்டதும் வேன் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. இறங்கியதும் தீர்ப்பு வந்தது. "திங்கக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா எட்டுப் பேரும் வேற வேன் பாத்துப்போம்." ஏழுமலையிடம் இருந்தது எங்கள் ட்ரிப் ஒன்றுதான்.

சனிக்கிழமை வேன் பாயின் ஷெட்டுக்குப் போனது. வேலையை மேற்பார்வையிடக் கலா மேடமும், அவரைச் சமாளிக்க நானும் போனோம்.

பாய் மாட வீதிகளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரங்களையும் புறங்கையால் தொட்டார். "இல்ல. இல்ல. இல்ல." நான்காவது, பின்னால் இடது பக்கம். கையை வெடுக்கென்று இழுத்து ஊதிக்கொண்டார். "நூத்தி நாலு!"

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தினார். அப்போதும் இல்லை. பிரேக் ஆயில் வெளியேறும் சின்னத் திருகைத் திறந்தார். ஊஹூம். "கேபிளும் இல்ல, ஆயில் வர்ற ஓஸும் இல்ல. காலிப்பர்தான் புடிச்சுகினு கீது."

பிரேக் போட்டதும் சக்கரத்தின் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி, காலை எடுத்ததும் விட்டுவிட வேண்டிய இடுக்கிதான் காலிப்பர். இது விடவில்லை. கழற்றிப் பார்த்தால், தட்டை உரசி நிறுத்தும் இரண்டு பேடில் ஒன்று ரஸ்க் தடிமன், மற்றது அப்பளம். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்ந்து கொடுக்க உதவும் 'பின்' என்ற சின்னக் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர், ஊறின சுண்டல் மாதிரி உப்பியிருந்தது. பாய் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏழுமல, இங்க வா. இது இன்னா எண்ண?"

"நல்லெண்ண பாய்."

"இங்க எப்பிடி வந்துச்சு?"

"தீபாவளிக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனேன்."

"யார?"

"வண்டிய." ஏழுமலை தரையைப் பார்த்தார். "வூட்ல எல்லாரும் தேச்சுக்கினோம். இது மட்டும் வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. மனசு கேக்கல."

"சக்கரத்துக்குள்ள எதுக்குபா?"

"மூட்டுவலி வரக்கூடாதுன்னு மூட்டுலயும் தேச்சேன். இந்த மூட்டோட எண்ண தீந்துபோச்சு."

"சீயக்கா?"

"போட்டேன் பாய்."

"அத்தயாவது உள்ள வரைக்கும் போட்டுத் தொலச்சிருக்கக் கூடாதா!"

எண்ணெய் குடித்த ரப்பர் உப்பிப் பின்னை இறுக்க, விடாத பேடு உரசி உரசிச் சூடேற, மிச்ச எண்ணெய் அதிலேயே பொரிந்திருக்கிறது. இரண்டு வாரமாக எங்களுக்குப் பசியைக் கிளப்பியது அதுதான்.

பாய் பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். புது ரப்பர், அதற்கென்று இருக்கிற கிரீஸ், புதுப் பேடு. நன்றாக இருந்த வலது பக்கத்துக்கும் பேடு மாற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு காலுக்கு மட்டும் புதுச் செருப்பு வாங்குவியா?" என்றார்.

கடைசியாக, ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை அமுக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். இங்கே பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. "இந்த வண்டிக்கு ரொம்பப் பயப்படறது யாரு?" என்று கேட்டார். ஏழுமலையும் நானும் கலா மேடத்தைப் பார்த்தோம்.

"ஏறும்மா. பயந்தவங்க காலுதான் முழுசா அமுக்கும்."

"நானா? செருப்பு வழுக்குது."

"கயட்டிட்டு அமுக்கு. யார் மேல கோவம்?"

"எங்க டிரைவர் மேலதான்."

"அவன் மூஞ்சி அங்க கீதுன்னு நெனச்சுகினு அமுக்கு."

கலா மேடம் அமுக்கினார். ஏழுமலை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கீழே குழாய் வழியாகக் குமிழ்கள் பொலபொலவென்று வந்தன.

"சரியாயிடுச்சுன்னு நீங்க சொன்னாப் போதுமா? நான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு மேடம் இறங்கினார். ஏழுமலையின் முகம் தொங்கிப்போயிற்று.

திங்கட்கிழமை காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் டிபன் பையுமாகப் பாய் எங்களோடு வேனில் ஏறினார். பழுது பார்த்த சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்தார்.

"ஆபீஸா பாய்?" என்றேன்.

"ஆமா. இந்த வாரம் நமக்கு இங்கதான் டூட்டி."

அவர் சக்கரத்தைக் கவனிக்கவில்லை. எங்களைக் கவனித்தார். எட்டுப் பேரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தோம். கலா மேடத்தின் வலது கால் சிக்னலுக்குச் சிக்னல் தரையை அமுக்கியது. "உடும்மா, அத்த ஏழுமல அமுக்கிக்குவான்," என்றார் பாய். ஏழுமலை, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போலக் கண்ணாடியில் மேடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பாய் நந்தனத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஷெட்டுக்குத் திரும்பினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கம்பியிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேடத்தின் கால் மட்டும் ஓயவில்லை.

வியாழக்கிழமை, தேனாம்பேட்டை சிக்னலில் வேன் நின்றது. சத்தமில்லை, இழுப்பில்லை. கலா மேடத்தின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பாய் குனிந்து அவர் காலைப் பார்த்தார். அது அசையவில்லை.

எழுந்து போய் ஏழுமலையின் காதருகே, "பாஸாயிட்டே நைனா," என்றார். சிக்னல் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். எங்கள் வேனின் கதவு இரண்டு முறை அறைந்து சாத்தினால்தான் மூடும். பாய் அதை இரண்டு கையாலும் சற்றே தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி மூடினார். மேடம் விழிக்கவில்லை என்பதைக் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்துக்கொண்டு, டிபன் பையோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.