ஆசிட் அண்ணாச்சியின் மருமகப்பிள்ளை

போடிமெட்டில் இரண்டு மாநிலப் போலீசுக்கும் பயப்படாத ஜீப் டிரைவர்கள் உண்டு. ஆசிட் அண்ணாச்சிக்குப் பயப்படாத ஒருவரை நான் பார்த்ததில்லை.

எழுபதுகளில் நான் அங்கே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் அண்ணாச்சியின் பேட்டரி சார்ஜ் கடை. திருநெல்வேலிக்காரர். அவர் சட்டையில் ஆசிட் தின்றது போக மிச்சமிருந்தது காலர் மட்டும்தான்.

எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர் முத்தையா ஒருநாள் செத்த பேட்டரியோடு போய் நின்றார். அண்ணாச்சி மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவனைப் பார்ப்பதுபோல் முத்தையாவைப் பார்த்தார்.

“என்னத்தவே ஊத்துனீரு?”

“சுனைத் தண்ணி அண்ணாச்சி. கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“கண்ணாடி மாதிரி இருந்தா மூஞ்சியப் பாத்துட்டு வரணும். இதுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணிதான். மத்தது தகட்டத் தின்னுரும்.”

“சாயங்காலம் வந்து எடுத்துக்கிடட்டா?”

“நாளைக்கு வாரும். அவசரமா ஏத்துனா கொதிச்சுச் சாவும். ஒரு வாரச் சோத்த நீரு ஒரே நேரத்துல தின்னுவீரா?”

முத்தையா தின்னக்கூடியவர்தான். பேட்டரியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

பேட்டரி முனைகளில் பச்சை பூக்காமலிருக்க அண்ணாச்சி வாசலின் களிம்பு பூசுவார். கடைத்தெருவுக்கு வந்த வாசலின் எல்லாம் அதற்கே போனது. அவர் மனைவியின் குதிகால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய்தான்.

அந்தக் கடையில் ஒரு பெரிய பேட்டரிக்கு மட்டும் தனிப் பலகை. வண்டியை ஒரே உதையில் கிளப்புகிற சாதியல்ல அது. நிதானமாக நெடுநேரம் கரண்டு கொடுக்கிற சாதி. பனிக்காலத்தில் சாக்குப் போர்த்திவிடுவார். ஊரில் அதற்கு மருமகப்பிள்ளை என்று பெயர். மைக் செட்டுக்கு வாடகைக்குப் போனால் கூடவே அவரும் போவார். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரி கெட்டுவிடும்; இறங்கக் கூடாது என்பது சட்டம்.

ஒரு தேர்தல் கூட்டம். வேட்பாளர் மலையாளமும் தமிழும் கலந்து முழங்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மேடைக்குக் கீழே உட்கார்ந்து, ஆசிட்டை உறிஞ்சிச் சார்ஜ் அளக்கும் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இந்த மலைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்றால்...” என்று வேட்பாளர் கையை உயர்த்தியபோது ஒயரைக் கழற்றிவிட்டார்.

“அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வார்த்தைதானே!” என்று கட்சிக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

“வாயால பேசச் சொல்லும்.”

வேட்பாளர் ஜெயித்தார். மலைக்கு என்ன செய்யப் போகிறார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஓர் ஆடி மாதம். எஸ்டேட்டில் வேலை செய்த செல்லம்மாளுக்குப் பிரசவ வலி கண்டு, மதியமாகியும் பிள்ளை இறங்கவில்லை. போடி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஜீப்பில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ எரிந்துபோயிருந்தது; பேட்டரியும் காலி. வெளியே பட்டப்பகலில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. லைட் இல்லாமல் அந்த வளைவுகளில் இறங்க முடியாது.

நானும் முத்தையாவும் கடைக்கு ஓடினோம். சார்ஜில் கிடந்த பேட்டரி ஒன்றைக் காட்டினார் முத்தையா.

“பாதி ஏறுனதக் கொண்டுபோனா பாதி மலையில நிப்பீரு” என்றார் அண்ணாச்சி. பலகையிலிருந்து மருமகப்பிள்ளையை அவரே தூக்கினார். தரமாட்டேன் என்பார், கெஞ்சலாம் என்று நான் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் வீணாயின.

ஜீப்பைத் தள்ளித்தான் கிளப்பினோம். பின்னால் செல்லம்மாளும் அவள் புருஷனும். முன்னால் காலிடுக்கில் பேட்டரியோடு அண்ணாச்சி, பக்கத்தில் நான். டைனமோ இல்லாததால் எஞ்சினுக்கும் லைட்டுக்கும் அது ஒன்றே கதி. மலை இறங்க இறங்க, லைட் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

“அண்ணாச்சி, சார்ஜ் பாதிக்கு வந்திருக்கும். கொஞ்சம் நிறுத்தி...” என்றார் முத்தையா.

“ஓட்டும்வே.”

“செத்துப்போயிரும் அண்ணாச்சி.”

“சாவட்டும். அவ பொழைக்கணும்.”

ஆஸ்பத்திரி வாசலில் லைட் பீடி நுனி அளவுக்குத்தான் இருந்தது. எஞ்சின் தானாக நின்றது. சற்று நேரத்தில் உள்ளே பெண்குழந்தை அழுதது. மருமகப்பிள்ளை அதற்குப் பிறகு எத்தனை நிதானமாக ஏற்றியும் எழவேயில்லை.

நர்ஸ் குழந்தையை நீட்டியதும் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஆசிட் கைம்மா” என்றார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி தேய்த்தார். திருப்தியில்லை. கடைசியில் கையைக் கட்டியபடியே குனிந்தார். நர்ஸ் சிரித்துக்கொண்டு குழந்தையின் பாதத்தை அவர் கன்னத்தில் வைத்தாள்.

திரும்பி பஸ்ஸில் மலையேறும்போது அவர் எங்களைத் திட்டவேயில்லை. எனக்கும் முத்தையாவுக்கும் அது என்னவோபோல் இருந்தது.