மதகின் மேல் பூசிய சாந்து

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அண்ணியும் ஏதோ இருக்கிறோம். நம் இருவருக்கும் பொதுவான வயல்தான் சொல்லும்படி இல்லை.

ஊரில் கலைக்குழு என்று ஒன்று முளைத்திருக்கிறது. பழைய பாசன முறையைப் போற்றிக் கால்வாய்ச் சுவர் முழுக்கப் படம் வரையப் போவதாகச் சொன்னார்கள். நாற்பது வருடம் மதகு திறந்தவனுக்கு மனம் குளிராதா? ஓவியர் வந்து தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டார். சேற்று நிறம் என்றேன். தலையாட்டிவிட்டு நீலத்தை அப்பினார். சுவர் நடுவில் ஒருவன் மதகுப் பலகையைத் தூக்குகிறான், அது நான்தான். தோளில் மண்வெட்டியைத் தலைகீழாக வைத்திருக்கிறார், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் படத்துக்குச் சுவர் சமமாக இருக்க வேண்டுமென்று, நம் வயலுக்குத் தண்ணீர் பாயும் மதகையே பலகையோடு சேர்த்துச் சாந்து பூசி மூடிவிட்டார்கள், தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் நம் முறை வந்தது. கால்வாய் நிறையத் தண்ணீர், நம் வயலில் ஒரு சொட்டு இறங்கவில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம். முறை தவறினால் அடுத்தது எட்டு நாள் கழித்துத்தான் என்ற ஊர்க் கட்டுப்பாட்டையும் சுவரின் ஒரு மூலையில் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். குழுத் தலைவரான பழைய தலைமையாசிரியரிடம் ஓடினேன். இருபது நாளில் விழா, அதுவரை சுவரில் யாரும் கை வைக்கக்கூடாது என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி, "படத்துல இருக்கற பயிராவது பச்சையா இருக்கே, அதைப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்கிறாள்.

ஆகவே பயிர் போனது போனதுதான். அந்த ஒரு வயலை விட்டால் நமக்கு வேறு ஏது? இந்த வருடம் உன் வீட்டுக்கு அரிசி வராது. நீ வர வேண்டாம், பார்த்தால் வயிறு எரியும். என் மேல் தப்பில்லை என்பதை மட்டும் மனதில் வை. பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

உன் அண்ணன்

பி.கு.: கேட்காமல் மூடினார்கள் என்று எழுதியது பொய். கேட்டார்கள். "மதகை மூடினாத்தான் உங்க முகம் முழுசா வரும், இல்லன்னா உங்களுக்குப் பதிலா மேல்மதகுக்காரரைப் படத்துல போட்டுடுவோம்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பயிர் போனது என்றதும் பொய். வேரில் இன்னும் ஈரம் இருக்கிறது. நாளை மறுநாள் நம் முறை. கடப்பாரையோடு இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். ஓங்க வேண்டிய இடத்தில் என் முகம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து யாரும் அதை இவ்வளவு பெரிதாக மதித்ததில்லை, தம்பி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இதைக் கொண்டு வருபவருடனேயே புறப்பட்டு வா. நீதான் அடிக்க வேண்டும்.