அண்ணன் வயலுக்கும் மருந்தடித்த விஷயம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்களும் என் தங்கையுமாவது சுகமாக இருங்கள்.

உங்கள் ஆய்வுக்கூடத்து மக்காச்சோள விதையைக் கொடுத்து, "களைக்கொல்லியைப் பயிர் தலையிலேயே அடிங்க மச்சான், களை சாகும், சோளம் அசையாது" என்றீர்கள். அசையவில்லை. என் வயலில் ஜம்மென்று நிற்கிறது. ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பக்கத்து வயல் அண்ணனிடம், "இன்னும் கையாலதான் களை பிடுங்கறீங்களா?" என்று தினமும் கேலி. பொறுத்துப் பார்த்தவர், "போடா, இந்தத் தடவை நானும் அதே விதைதான்" என்றார். நம்பிவிட்டேன்.

அப்புறம் அவருக்கு இடுப்பு ஆபரேஷன். ஒருவர் படுத்தால் இன்னொருவர் கேட்காமலே அவர் வயலையும் பார்ப்பது எங்கள் பழக்கம். என் வயலுக்கு அடித்த கையோடு, டேங்கை முதுகில் மாட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே அவர் வயலுக்கும் அடித்தேன். ஒரு மூலை விடவில்லை மாப்பிள்ளை. என் வயலுக்குக்கூட அவ்வளவு அக்கறையாக அடிக்கவில்லை.

களை வெளுத்தது. கூடவே சோளமும் வெளுத்தது. பைத்தியக்காரன் மாதிரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவர் போட்டது மருந்து தாங்காத பழைய ரக விதையாம். என் வாயை அடைக்கச் சொன்ன பொய்யாம். அண்ணி என் வீட்டுக்காரியிடம் அப்போதே சொன்னாராம். "எங்கிட்ட ஏண்டி சொல்லலை?" என்றால், "அதுக்கும் கேலி பண்ணுவீங்களே" என்கிறாள். வாஸ்தவம்தான்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "வயல் எப்படிடா?" என்கிறார். "களையே இல்லேண்ணே" என்கிறேன். "தம்பின்னா இவன்தான்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை வேறு. எனக்கு அழுகையா வருது மாப்பிள்ளை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன்.

இவ்வளவு படித்தீர்களே, செத்த பயிரை எழுப்ப ஒரு மருந்து கண்டுபிடிக்கக்கூடாதா? முடியாதென்றால், அந்த விதையோடு இனி என் வாசற்படி மிதிக்க வேண்டாம். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. உங்களுக்கு இப்போதைக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
கோபமும் வருத்தமுமாக,
மச்சான்

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணனைக் கூட்டி வந்துவிட்டார்கள். வண்டியை வயலோரம் நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "உன்னுது தப்பிச்சுதில்ல?" என்றார். பிறகு, "இனிமே குனியவே கூடாதுன்னுட்டார் டாக்டர். இதையும் நீயே பாத்துக்கடா" என்றார். எனவே மேலே எழுதியதை விடுங்கள். அடுத்த முறை இரண்டு வயலுக்கும் சேர்த்து விதை கொண்டு வாருங்கள். நடுவில் இருக்கும் வரப்பை மட்டும் வெட்டிவிடாதே, என் வயல் எதுவென்று தெரியட்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்கும்போதுதான் அவர் அழுதார்.